கங்கைக் கால்வாயின் கரைவழியே

ஹரித்துவாரத்துக்கு யாத்திரை செல்லும் நம்மவர் பலர், ஹர் கீ பௌடி படித்துறையில் நீராடிவிட்டு அன்றே ரயிலேறி விடுகின்றனர். அப்படித்துறையைத் தழுவி ஓடும் நீர் சற்றுத் தெற்கே மாயாபூரில் கால்வாயாக உருமாறுவதை அவர்கள் கவனிப்பதில்லை. டில்லியில் வாழும் தமிழரோ இன்னொன்றையும் அறிதல் வேண்டும். முராத்நகரில் இக்கால்வாயிலிருந்து எடுக்கும் நீர் குழாய்வழியே தலைநகருக்கு வருகிறது. நம்மில் சிலர் வீட்டுக் குழாயைத் திறக்கும்போதே கங்கைக் கால்வாயைத் திறக்கிறோம்.

இக்கால்வாயை அறிவதற்குச் சிறந்த வாகனம் சைக்கிளே என்பது நம் கருத்து. மாயாபூரிலிருந்து ரூர்க்கி வரை சுமார் 30 கிலோமீட்டர். கரையின் மேல் செல்லும் வழியை இங்குள்ளோர் ‘பட்ரி’ என்பர். சில இடங்களில் தார் போட்டிருக்கிறது. சில இடங்களில் சரளையும் மண்ணுமே. வடக்கே சிவாலிக் மலைத்தொடர் நீலமாகத் தெரிகிறது. அழகாகத் தோன்றும் அம்மலைகளே கால்வாயை அமைத்தவருக்குப் பெருந்தொல்லை தந்தவை.

1837, 1838ஆம் ஆண்டுகளில் கங்கைக்கும் யமுனைக்கும் இடைப்பட்ட நாட்டில் கொடிய பஞ்சம் நேர்ந்தது. அதன் பின்னரே, பிராபி காட்லி என்னும் பொறியாளர் முன்வைத்திருந்த கால்வாய் யோசனைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியார் செவிசாய்த்தனர். காட்லி ஆறு மாத காலம் குதிரையிலும் கால்நடையாகவும் திரிந்து நிலத்தைத் தாமே அளந்தார். 1842இல் தோண்டும் வேலை தொடங்கியது. 1854 ஏப்ரல் 8ஆம் நாள் கால்வாயில் நீர் விடப்பட்டது. கங்கையைச் சிறைப்படுத்தலாகாது என்று ஹரித்துவாரத்துப் பண்டாக்கள் முறையிட்டபோது, அணையில் ஆறு தடையின்றி ஓட ஓர் இடைவெளி விடுவதாக அவர் வாக்களித்தார். பிள்ளையார் பூஜையுடன் அணை வேலையும் ஆரம்பமாயிற்று. இவ்வழக்கு அத்துடன் ஓயவில்லை. மதன் மோகன் மாளவியர் முன்னின்று நடத்திய கிளர்ச்சியின் பயனாக 1916இல் அரசாங்கம் மீண்டும் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது.

மலைத்தொல்லை யாதெனில், கோடையில் வெறும் மணலாய்க் கிடக்கும் சிவாலிக் காட்டாறுகள் மழைக்காலத்தில் சில மணி நேரத்தில் பெருவெள்ளமாகிக் கால்வாயின் குறுக்கே பாய்கின்றன. கரைவழியே சைக்கிளில் செல்வோன் இவற்றை ஒவ்வொன்றாகச் சந்திக்கிறான். முதலில் ராணிப்பூர். ‘பெல்’ தொழிற்சாலையில் பணிபுரியும் நம்மவருக்கு அவ்வூரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. அங்கே காட்டாறு கால்வாயின் தலைக்கு மேலே, கட்டடத்தின் மீதேறிக் கடக்கிறது. அடுத்துள்ள பத்ரியிலும் அவ்வாறே. தனௌரியிலோ ரத்மௌ என்னும் ஆறு கால்வாயின் மட்டத்திலேயே ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளியேறுகிறது. வெள்ளக் காலத்தில் மதகுகளைத் திறந்து அதற்கு வழிவிட வேண்டும்.

நான்காவது, ரூர்க்கியில் சோலானி ஆறு. இங்கே ஆறு கீழே ஓட, கால்வாய் மேலே செல்கிறது. ஒவ்வொன்றும் 50 அடி அகலமுள்ள 15 வளைவுகள் அதைத் தாங்குகின்றன. தூண்கள் பாறைமீது நிற்பவை அல்ல. ஆற்று மணலில் கிணறு இறக்குவதுபோல் 20 அடி ஆழத்துக்கு இறக்கிய செங்கற்கட்டின் மீது நிற்பவை. கல் எளிதில் கிடையாமையால் செங்கல்லையே பெரிதும் நம்பினர். இரு முனைகளிலும் சிங்கச் சிலைகள் காவலிருக்கின்றன. ஆற்றுப் பள்ளத்தாக்கில் நெடுந்தூரம் கரை எழுப்ப மண் சுமக்கவென்று 1851இல் ஒரு நீராவி எஞ்சினை இங்கே ஓட்டினர். பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே 1853இல் பயணிகள் ரயில் புறப்படுவதற்கு முன்னரே இது நிகழ்ந்தது. கால்வாய் வேலைக்கு ஆட்களைப் பயிற்றவே 1847இல் ரூர்க்கியில் கல்லூரி தோன்றியது. பின்னர் தாமஸன் கல்லூரி என்று பெயர்பெற்ற அது, 2001 முதல் ஐ.ஐ.டி.யாக விளங்குகிறது.

இத்துணைச் சிறப்புடைய வேலையைக் கடுமையாகக் கண்டித்தவர் ஒருவர் உண்டு. அவர் நம் நாட்டில் பழகிய ஆர்தர் காட்டன்! கரிகாலன் கட்டியதென நாம் போற்றும் கல்லணையைக் கண்டு, மணலின் மீதும் அணை நிற்கும் என்று கற்றவர். கொள்ளிடத்தில் 1836இல் மேலணை கட்டியவர். காட்டாறுகளோடு மல்லுக்கு நிற்பானேன், கால்வாயின் தலைப்பை மலையடியில் வையாது கீழே சமவெளியில் வைத்திருக்கலாகாதா என்று 1860களில் அவர் வாதிட்டார். காட்லியும் விடவில்லை, இருவரும் அச்சிட்டு அச்சிட்டுப் போரிட்டனர். கால்வாயின் சரிவு மிகுந்தமையால் நீரின் வேகம் தரையை அரித்தது என்பது உண்மையே. பிற்காலத்தில் அதைத் திருத்தினர். ஆயினும் தலைப்பு இடம்பெயரவில்லை. காவிரிக் கரையில் கற்ற பாடம் கங்கைக் கரையில் எதிர்வாதமாய் ஒலித்தது என்பதே நமக்குச் சுவையான செய்தி.

பட்ரி முதலில் குதிரையேறிக் கால்வாயைப் பார்வையிடும் அதிகாரிகளின் வழி. கரையெங்கும் மரம் நட்டனர். நிழலுக்கு மட்டுமன்று, விறகுக்கும் வருவாய்க்கும் தான். சிராவண மாதத்தில் நம் காவடியை ஒத்த கான்வர்களைத் தோளில் ஏந்தி, கங்கை நீருடன் இலட்சக்கணக்கானோர் இவ்வழியே நடக்கின்றனர். அவர்களுக்கென்று முஸப்பர்நகர், மீரட், காஜியாபாத் மாவட்டங்களில் கரையோரம் புதிய சாலை அமைக்க ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களையும் செடிகளையும் வெட்ட அனுமதி தரப்பட்டதாகச் செய்தி வரவே, 2024இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. யாத்திரிகருக்கு வசதி வேண்டும் என்பதை யாரும் மறுக்கார். அவர்கள் நடந்துவந்த நிழலையே விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதே வினா.

மலைப் பக்கம் செல்ல விரும்புவோர் ஹரித்துவாரத்தின் எதிர்க்கரையில் சீலாவுக்குச் செல்லலாம். ரிஷிகேசத்தின் அருகிலிருந்து சீலா மின் நிலையம் வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொரு கால்வாய் காட்டை ஒட்டி ஓடுகிறது. அருகிலேயே சாலையும் உண்டு. அக்காடு நம் ராஜாஜியின் பெயரைத் தாங்கியது. 1948இல் சரணாலயமாயிற்று, மோதிச்சூர், சீலாக் காடுகளுடன் இணைந்து 1983இல் தேசியப் பூங்காவாகவும், 2015இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று.

இங்கே கால்வாயின் குறுக்கே வருவது காட்டாறு மட்டுமன்று, யானைக் கூட்டமும். காங்கிரீட்டுச் சரிவுகளுடைய இக்கால்வாய், கங்கையில் நீர் அருந்த இறங்கும் யானைகளின் பழைய தடங்களை மறித்துவிட்டது. பாலங்கள் உள்ள இடங்களில் மட்டுமே அவை கடக்க இயலும். காட்லி ஒவ்வொரு காட்டாற்றுக்கும் மேலே, கீழே, ஊடே என்று ஒரு வழி வைத்தார். யானைக்கு வழி வைக்கும் கணக்கு அவர் காலத்தில் எழவில்லை, சீலாக் கால்வாய் வெட்டிய நாளிலோ போதிய அளவு போடப்படவில்லை. ஆகவே சீலாச் சாலையில் சைக்கிளில் செல்வோர் வனத்துறையின் விதிகளைக் கேட்டறிந்து, வெயில் இருக்கும்போதே திரும்பிவிடுதல் நலம். அந்தி வேளையில் அவ்வழி யானைகளுடையது.