நாற்றழுகல்: மண்ணைச் சுட்டு நாற்றைக் காத்த கதை

தக்காளி நாற்று விட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. விதைத்த ஆறாம் நாளோ ஏழாம் நாளோ முளை எட்டிப் பார்க்கிறது. வளைந்த கழுத்து நிமிர்ந்து இரண்டு விதையிலை விரிகிறது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூல் மாதிரி சுருங்கி, நாற்று படுத்துக் கிடக்கும். இலை அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள் பக்கத்து நாற்றும் சாயும். ரெண்டு நாளில் தட்டில் பாதி காலி.

நாம் இதை நாற்றழுகல் என்கிறோம். ஆங்கிலத்தில் 'டேம்பிங் ஆஃப்'. தமிழ்ப் பெயர் என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறது. ஆங்கிலப் பெயர் தீர்ப்பையே எழுதிவிடுகிறது: ஈரத்தால் போச்சு. ஈரம்தான் காரணம் என்றால் குற்றவாளி யார்? தண்ணீர் ஊற்றின ஆள்தான். அந்தக் காலத்துப் பிரபுக்கள் வீட்டுத் தோட்டங்களில் அந்த ஆள் பெரும்பாலும் பதினாலு பதினஞ்சு வயசுப் பையன். இந்தக் கட்டுரையில் நான் பார்க்க விரும்புவது அந்தக் குற்றச்சாட்டு எப்படி இடம் மாறியது என்பதைத்தான். அது தண்ணீர்க் குவளையிலிருந்து மண்ணுக்குப் போக ரொம்பக் காலம் பிடித்தது.

நோய்க்கிருமியைக் கண்டுபிடித்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நாம் வழக்கமாக வரலாறு சொல்வோம். இங்கே அப்படி நடக்கவில்லை. 1874-லேயே ஜெர்மனியின் ஹாலே நகரில் ஹெஸ்ஸே என்பவர் நாற்றைச் சாய்க்கும் உயிரி ஒன்றை விவரித்து, தாவர நோயியலின் முன்னோடி ஆன்டன் டி பாரியின் பெயரால் 'பிதியம் டிபாரியானம்' என்று பெயர் வைத்தார். 1907-ல் இந்தியாவிலிருந்தே பிதியம் பற்றி ஒரு பெரிய ஆய்வு வந்தது. எழுதியவர் பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எட்வின் பட்லர், மருத்துவம் படித்துவிட்டுப் பூஞ்சைப் பக்கம் வந்த ஐரிஷ்காரர். ஆக, எதிரியின் பெயர், உருவம், குணம் எல்லாம் தெரியும். ஆனால் தோட்டக்காரர் தட்டில் நாற்று செத்துக்கொண்டேதான் இருந்தது.

பிதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்குமே தவிர அது உண்மையான பூஞ்சை இல்லை. பாசிகளுக்குத்தான் கொஞ்சம் கிட்டத்துச் சொந்தம். அதன் வித்துகளுக்கு வால் உண்டு, நீரில் நீந்தும். மண் துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் போதும், ஒரு நாற்றிலிருந்து அடுத்த நாற்றுக்குப் போய்விடும். அதனால் 'ஈரத்தால் போச்சு' என்றவர்கள் பாதி சரி. ஈரம் வழி விட்டது. கொன்றது வேறு. பிதியம் ஒன்று மட்டும் என்றும் இல்லை. ரைசோக்டோனியா, பைட்டோப்தோரா என்று இன்னும் சில பேர் இதே வேலையைச் செய்கிறார்கள்.

தக்காளி இந்தக் கதைக்குள் வருவது லண்டனுக்கு வடக்கே லீ பள்ளத்தாக்கில். நம் ஊரில் நாற்றைக் கூரைக்குள் விடுவதற்கு மழையும் வெயிலும் காரணம். அங்கே உறைபனி. தக்காளி அதைத் தாங்காது. வசந்த காலம் வரை காத்திருந்து விதைத்தால் பழுப்பதற்குள் குளிர் திரும்பிவிடும். அதனால் நடுக் குளிர்காலத்தில், வெந்நீர்க் குழாய் ஓடும் கண்ணாடிக் கூடத்துக்குள் விதைத்தார்கள். குறைந்த வெளிச்சம், ஓடாத காற்று, ஆறாத ஈரம், நெருக்கமான விதைப்பு. நாற்றழுகலுக்கு இதைவிட நல்ல வீடு கட்டித்தர முடியாது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரே மண்ணில் வருஷா வருஷம் தக்காளி போட்டதில் மண் 'நோயுற்றது' என்று அந்த விவசாயிகள் சொன்னார்கள். ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ஜான் ரஸ்ஸலும் ஹட்சின்சனும் மண்ணைச் சூடாக்கினால் விளைச்சல் கூடுவதை 1909-ல் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம், நல்ல பாக்டீரியாவைத் தின்னும் ஓரணு உயிரிகள் சூட்டில் சாகின்றன என்பது. அந்த விளக்கம் பிற்பாடு நிற்கவில்லை. விவசாயிகளுக்கு விளக்கமா முக்கியம்? பலன் கிடைத்தது. குழாய் வழியாக மண்ணுக்குள் நீராவி செலுத்துவது லீ பள்ளத்தாக்கில் பழக்கமாகியது.

(மண்ணைச் சுடுவது புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் புகையிலை விவசாயிகள் நாற்றங்கால் மேல் சுள்ளி போட்டு எரித்துவிட்டுத்தான் விதைப்பார்கள். கொங்கணத்தில் நெல் நாற்றங்காலில் சாணமும் தழையும் பரப்பி எரிப்பதற்கு 'ராப்' என்று பெயர். களைவிதை சாகும், சாம்பல் உரமாகும் என்பது அவர்கள் கணக்கு. நோயும் சாகும் என்பது கூடுதல் லாபம்.)

லீ பள்ளத்தாக்கு விவசாயிகளே சேர்ந்து செஷன்ட் என்ற ஊரில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்த டபிள்யூ. எஃப். பியூலி தக்காளி நாற்றுச் சாவைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். 1921-ல் அவரும் பட்டின் என்பவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்கள் மண்ணைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தார்கள். கண்ணாடிக் கூடங்களுக்குத் தண்ணீர் தரும் தொட்டியிலும் கிணற்றிலும் நோய் உயிரிகள் இருந்தன. அதாவது, மண்ணை எவ்வளவு சுட்டாலும் பூவாளி வழியாக நோய் திரும்பி வந்துவிடும். தண்ணீர் ஊற்றின பையன் அளவு தப்பாமல் ஊற்றியிருந்தாலும் நாற்று செத்திருக்கும்!

பியூலி தந்த மருந்து 'செஷன்ட் கலவை'. மயில்துத்தம் 2 பங்கு, அம்மோனியம் கார்பனேட் 11 பங்கு. தூளாக்கிக் கலந்து, காற்றுப் புகாத ஜாடியில் 24 மணி நேரம் வைத்திருந்து, ஒரு அவுன்ஸ் எடுத்து 2 காலன் தண்ணீரில் கரைத்து ஊற்றவேண்டும். இரும்பு வாளி, துத்தநாக வாளி ஆகாது, செம்பு அதில் படிந்துவிடும். மலிவு, சுலபம். பல பத்தாண்டுகள் பிரிட்டிஷ் வீட்டுத் தோட்டங்களில் அந்த நீலத் தண்ணீர் இருந்தது. இப்போது அங்கே விற்பனையில் இல்லை. நின்றிருக்கும் நாற்றைக் காக்கும், சாய்ந்ததை எழுப்பாது என்பதுதான் அதன் எல்லை.

அடுத்த திருப்பம் வந்த இடம் தக்காளிக்குச் சம்பந்தமே இல்லாதது. லண்டன் மெர்ட்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனம் 1910-ல் தொடங்கியது. நிலவணிகர் ஒருவர் எழுதிவைத்த சொத்தில் உருவானது. முதல் இயக்குநர் வில்லியம் பேட்சன், மரபியலுக்கு ஆங்கிலத்தில் 'ஜெனடிக்ஸ்' என்று பெயர் சூட்டியவர். அங்கே சீனப் பிரிமுலா என்ற பூச்செடியை வைத்து மெண்டலின் விதிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1933 வாக்கில் அந்த நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

இது சாதாரண நஷ்டம் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். தோட்டக்காரனுக்கு நூறில் முப்பது செத்தால் எழுபது மிச்சம். மரபியல்காரருக்கு அந்த எழுபதும் சந்தேகம். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பார்க்க எல்லா நாற்றும் பூக்கவேண்டும். செத்தவை ஒரு வகையிலேயே அதிகமாக இருந்தால் கணக்கே பொய். அதனால்தான் தோட்டக்காரர்கள் தலைவிதி என்று விட்டதை இவர்களால் விடமுடியவில்லை என்று நான் நினைக்கிறேன்.

வேலையை எடுத்துக்கொண்டவர் வில்லியம் லாரன்ஸ். சின்ன வயசில் அதே நிறுவனத்தில் தோட்டப் பையனாகச் சேர்ந்து மேலே வந்தவர். கூட ஜான் நியூவெல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு மண்கலவை. இலைமக்கு, மக்கின சாணம், இடித்த சுவரின் சுண்ணாம்புக் காரை, புகைக்கரி என்று போகும். தலைமைத் தோட்டக்காரரின் கைப்பக்குவம், வெளியே சொல்லமாட்டார்கள். நம்மூர்ச் சமையற்காரர் மசாலாப் பொடி மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன்.

லாரன்ஸும் நியூவெல்லும் இதையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். இலைமக்கு ஒரு தடவை இருப்பது போல மறுதடவை இருக்காது, அதோடு பூச்சியும் நோயும் வரும். அதை எடுத்துவிட்டுப் பீட், அதாவது சதுப்பு நிலத்துக் கரிமண், போட்டார்கள். தோட்டமண்ணை மட்டும் நீராவியில் சுட்டார்கள். பீட்டையும் மணலையும் சுடவில்லை. நோய் போனது. ஆனால் சுட்ட மண்ணில் நாற்று தேங்கி நின்றது. சாகவும் இல்லை, வளரவும் இல்லை. இதற்கு அவர்கள் கண்ட மாற்று சூப்பர் பாஸ்பேட். அதைச் சேர்த்ததும் நாற்று கிளம்பியது. எனக்கு இந்த இடம்தான் முழுக் கதையிலும் முக்கியமாகப் படுகிறது. கிருமியைக் கொல்வது தெரிந்த வித்தைதான். கொன்ற பிறகு அந்த மண்ணில் எப்படி வளர்ப்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது.

முடிவில் வந்த விதைப்புக் கலவை இவ்வளவுதான்: சுட்ட தோட்டமண் 2 பங்கு, பீட் 1 பங்கு, மணல் 1 பங்கு. 36 லிட்டர் கலவைக்குச் சூப்பர் பாஸ்பேட் 42 கிராம், சுண்ணாம்புத்தூள் 21 கிராம். நாற்றைப் பிடுங்கித் தொட்டியில் வைக்க இன்னொரு கலவை, மண் 7, பீட் 3, மணல் 2 என்ற அளவில், கொஞ்சம் உரத்தோடு. பிரிமுலாவுக்கும் இதுதான், தக்காளிக்கும் இதுதான். 1939-ல் இருவரும் புத்தகமாக வெளியிட்டார்கள். அந்த வருஷமே போர் வந்தது. பூ வளர்த்த கண்ணாடிக் கூடங்களில் தக்காளி போடச் சொன்னது அரசு. சரியான நேரத்தில் கையில் ஒரு செய்முறை இருந்தது.

நிறுவனம் இந்தக் கலவையைத் தானே விற்கவில்லை. செய்முறையை ஊருக்கே கொடுத்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் பெயருக்குக் காவல் இல்லாததால் யார் வேண்டுமானாலும் எந்த மண்ணையும் மூட்டை கட்டி 'ஜான் இன்னஸ்' என்று விற்க முடிந்தது. லாரன்ஸ் கேட்டது புல்தரையை வெட்டி அடுக்கி, மாசக்கணக்கில் மக்கவைத்த மண். அது வருஷத்துக்கு வருஷம் அரிதானது. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பது வாங்குபவர் அதிர்ஷ்டம்.

கலிபோர்னியாவில் மண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அங்கே நர்சரிகள் இதே சாவில் திணறிக்கொண்டிருந்தன. கென்னத் பேக்கர் தொகுத்து 1957-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட கையேடு, நுண்மணலும் பீட்டும் போதும், கூடவே சுத்தமான தட்டு, சுத்தமான கருவி, சுத்தமான செடி வேண்டும் என்றது. குழாயின் முனை தரையில் கிடக்கக்கூடாது என்பது வரை போனார்கள். பியூலியின் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வருகிறதா?

பேக்கர் இன்னொன்றையும் சொன்னார். முழுசாகச் சுட்ட மண் ஒரு காலி வீடு. அதில் தப்பித்தவறி ஒரு பிதியம் நுழைந்துவிட்டால் எதிர்க்க ஆளே இல்லை, சுடாத மண்ணைவிட மோசமாகப் பரவும். அதனால் நீராவியோடு காற்றைக் கலந்து, 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிஷம் மட்டும் வைத்தால் நாற்றைக் கொல்பவை சாகும், மற்ற உயிர்கள் பல பிழைக்கும் என்று காட்டினார். முதலில் கொதிக்கக் கொதிக்கச் சுட்டவர்கள் இங்கே வந்து அடுப்பைத் தணித்தார்கள்.

அந்தப் 'பிழைக்கும் உயிர்கள்' யார் என்பதற்கு ஒரு விடை அதற்கு ரொம்ப முன்பே வந்திருந்தது. 1932-ல் அதே கலிபோர்னியாவில், எலுமிச்சை நாற்றுகளைச் சாய்க்கும் ரைசோக்டோனியாவை ஆராய்ந்த ரிச்சர்ட் வைண்ட்லிங், டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சை மற்றப் பூஞ்சைகளைச் சுற்றிப் பிடித்துத் தின்பதைக் கண்டு எழுதினார். பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளின் காலம் வந்து அது பின்னுக்குப் போனது. ஆனால் மறையவில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இன்று ஒரு கிலோ தக்காளி விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைநேர்த்தி செய்யச் சொல்கிறதே, அந்தப் பொட்டலத்தின் மூதாதை அந்த 1932 கட்டுரைதான்.

நம் நாற்றங்கால் இப்போது எங்கே நிற்கிறது? கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் நிழல்வலைக்குள் போய்ப் பாருங்கள். மேட்டுப்பாத்தி குறைந்துவிட்டது. 98 குழித்தட்டு, ஒரு குழிக்கு ஒரு விதை. நாற்றுக்கு நாற்று மண் தொடர்பு இல்லாததால் நீந்திப் போக வழியும் குறைவு. குழிக்குள் இருப்பது தென்னைநார்க் கழிவு. பீட்டுக்குப் பதிலாக வந்தது. பிரிட்டனிலும் சதுப்பு நிலங்களைக் காக்கவேண்டும் என்று பீட்டைக் குறைத்து, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் இருந்து போகும் இதே கழிவை வாங்குகிறார்கள். கயிறு திரிக்கும் ஊர்களில் மலை மாதிரி குவிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த பொருள்.

அதிலும் ஒரு பக்குவம் உண்டு. உப்புப் போகக் கழுவி, ஆறவைத்து, பிடித்துப் பார்த்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிகிற அளவுக்கு மட்டும் ஈரம் வைத்துத் தட்டில் நிரப்புவார்கள். முளை வந்த பிறகு பூவாளி பிடிப்பது இங்கேயும் பெரும்பாலும் தினக்கூலிப் பெண்கள்தான். நாற்று சாய்ந்தால் முதல் ஏச்சு இன்னும் அவர்களுக்குத்தான் விழுகிறது.