பாளையங்கோட்டையில எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா? முதல்ல சார்ஜ் எங்கே போடுவீங்கனு சொல்லுங்க!

தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் எலெக்ட்ரிக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட்டில் திறந்தாச்சு. இந்தப் பக்கம் கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை. தெற்கே போனா முப்பந்தல் காற்றாலைகள். காரும் நம்ம பக்கம்தான், கரன்ட்டும் நம்ம பக்கம்தான். ஆனா, முருகன்குறிச்சியில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிற ஒருத்தர் எலெக்ட்ரிக் கார் வாங்கினா, ராத்திரி எங்கே சார்ஜ் போடுவார்?

பெருமாள்புரத்தில் கார் ஷெட்டோட சொந்த வீடு இருந்தா கவலையே இல்ல. தெருவில் காரை நிறுத்துறவங்களுக்குத்தான் பப்ளிக் சார்ஜிங் முக்கியம். அந்த ஏரியாவைப் பார்க்கலாம் வாங்க.

ஸ்லோவா, ஃபாஸ்ட்டா?

40 யூனிட் பேட்டரி உள்ள காரை எடுத்துப்போம்.

* வீட்டு 15 ஆம்பியர் பிளக் (சுமார் 3.3 கிலோவாட்): காலியில் இருந்து ஃபுல் ஆக 12 மணி நேரத்துக்கு மேல.
* 7.2 கிலோவாட் ஏசி சார்ஜர்: சுமார் 6 மணி நேரம்.
* 60 கிலோவாட் டிசி ஃபாஸ்ட் சார்ஜர்: 80% வரை ஏற சுமார் ஒரு மணி நேரம். அதுக்கு மேல வேகம் குறைஞ்சிடும்.

'அப்போ ஃபாஸ்ட் சார்ஜர்தானே பெஸ்ட்?' மதுரைக்கோ சென்னைக்கோ போறப்போ, ஆமா. ஆனா பாளையில் இருந்து ஜங்ஷன், டவுன்னு சுத்தினா ஒரு நாளைக்கு 30 கி.மீ. வருமா? அதுக்குச் செலவாகிறது 4, 5 யூனிட்தான். சாதாரண பிளக்கில் ஒன்றரை மணி நேரம் போதும்.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஒரு 60 கிலோவாட் சார்ஜர் இழுக்கிற லோடில், 18 ஸ்லோ பாயின்ட்களை ஓட்டலாம். நான்குவழிச்சாலைக்கு ஃபாஸ்ட் சார்ஜர் சரி. ஊருக்குள்ள, கார் மணிக்கணக்கா சும்மா நிற்கிற ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, காலேஜ்கள், வ.உ.சி. மைதானம், கல்யாண மண்டபங்கள் மாதிரி இடங்களுக்குத் தேவை, நிறைய ஸ்லோ பாயின்ட்கள்.

ரூல்ஸ் என்ன சொல்லுது?

மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 2030-க்குள் நகரங்களில் 1 கி.மீ.க்கு 1 கி.மீ. கட்டத்துக்குள் ஒரு சார்ஜிங் நிலையமாவது இருக்கணும். நெடுஞ்சாலையில் இரு பக்கமும் 20 கி.மீ.க்கு ஒண்ணு. அரசு நிலத்தை வருவாய்ப் பகிர்வு முறையில் இதுக்குக் கொடுக்கவும் வழி இருக்கு. அதாவது, மாநகராட்சி நினைச்சா தன்னோட பார்க்கிங் இடங்களில் இருந்தே தொடங்கலாம்.

பணம்? 'பி.எம். இ-டிரைவ்' திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்காங்க. நிலையம் தொடங்க தனி லைசென்ஸும் தேவையில்லை. டீக்கடை வாசலில் இடம் இருக்கிறவர்கூட விதிமுறைப்படி தொடங்கலாம்.

இது உங்க உரிமை!

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது. 2024-ல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள்படி, வண்டி சார்ஜ் பண்ண தனி இ.பி. இணைப்பு கேட்கலாம். மெட்ரோ அல்லாத மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் புது இணைப்புக்கான கெடு 7 நாள். அபார்ட்மென்ட்டில் 'பொது மீட்டர்ல போடாதீங்க'னு சண்டை வந்தா, இந்தத் தனி இணைப்புதான் தீர்வு. வாடகை வீடா? ஹவுஸ் ஓனர்கிட்ட கார் புக் பண்றதுக்கு முன்னாடியே பேசிடுங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி செக் பண்ணுங்க

1. உங்க கார் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வாங்கும்? 50 வாங்குற காரை 120 கிலோவாட் சார்ஜரில் போட்டாலும் 50தான் ஏறும்.
2. ஏசிக்கு 'டைப் 2', டிசிக்கு 'சி.சி.எஸ். 2' கனெக்டர் இருக்கான்னு பாருங்க.
3. பொது நிலையக் கட்டணத்தில் 18% ஜி.எஸ்.டி. உண்டு. வீட்டு கரன்ட் விலையோட ஒப்பிட்டு மாசச் செலவைக் கணக்குப் போடுங்க.
4. மேப்பில் சார்ஜர் காட்டுதுன்னு நம்பிடாதீங்க. ஒருதடவை நேர்ல போய், வேலை செய்யுதா, ராத்திரி திறந்திருக்கானு பாருங்க.
5. மாடியில் இருந்து எக்ஸ்டென்ஷன் வயர் தொங்கவிட்டு சார்ஜ் போடவே போடாதீங்க. எர்த்திங் சரியில்லாத பிளக் ஆபத்து.

கார் ஷெட் இருக்கிறவங்க மட்டுமே வாங்க முடியும்னா, எலெக்ட்ரிக் கார் வசதியானவங்க வண்டியாவே நின்னுடும். வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சாதாரண பிளக் கிடைக்கணும். முருகன்குறிச்சி மாடி போர்ஷன்காரர் கார் வாங்குறதும் வாங்காததும் அதைப் பொறுத்துதான் இருக்கு!