எழுகடல் தெருவில் கடல் இருந்ததா?

மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு அருகே எழுகடல் தெரு இருக்கிறது. பாத்திரம் வாங்கவும் துணி தைக்கவும் நம்மில் பலர் போய்வந்த தெருதான். காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டதால் ஏழு கடல்களையும் இறைவன் மதுரைக்கே வரவழைத்தார் என்பது திருவிளையாடல் கதை. கடல் பொங்கி ஊரை அழிக்க வந்தபோது உக்கிரபாண்டியன் வேல் எறிந்து அதை வற்றச் செய்தான் என்பது இன்னொரு படலம். கடலே இல்லாத ஊருக்கு இத்தனை கடல் கதைகள்!

இவற்றோடு வாட்ஸ்அப் கதைகளும் சேர்ந்துகொள்கின்றன. "மதுரை ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது, விஞ்ஞானிகள் உறுதி" என்ற செய்தி, குமரிக்கண்டப் படத்துடன் நம் குழுவில் சில மாதங்களுக்கு ஒருமுறை வலம் வருகிறது. பிள்ளைகள் அதையே பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டில் எழுதி வைக்கிறார்கள். புராணத்தைப் புராணமாகப் படிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் "விஞ்ஞானிகள் உறுதி" என்று சொன்னால், எதை வைத்து உறுதி செய்தார்கள் என்று கேட்க வேண்டும் அல்லவா?

பழைய கடலுக்குச் சாட்சி சொல்பவை பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாதவை. கடல் நீரில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களில் ஃபொராமினிஃபெரா என்று ஒரு வகை உண்டு. ஒரே செல்தான், ஆனால் பெரும்பாலானவை தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஓடு கட்டிக்கொள்கின்றன. செத்தபின் அந்த ஓடுகள் அடியில் படிந்து, சேற்றோடு சேர்ந்து கல்லாகின்றன. பல ஓடுகள் ஒரு மணல் துகள் அளவுதான் இருக்கும்.

இவற்றில் மிதப்பவையும் உண்டு, அடித்தரையில் வாழ்பவையும் உண்டு. கரையோர ஆழமற்ற நீரில் தரைவாழ் இனங்களே அதிகம். கரையை விட்டு ஆழ்கடல் பக்கம் போகப்போக மிதவை இனங்களின் பங்கு கூடும். ஆகவே ஒரு மண் அடுக்கில் இந்த இரண்டும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று எண்ணினால், அந்த இடத்தில் கடல் எவ்வளவு ஆழமாக இருந்தது என்று மதிப்பிடலாம். அடுக்கு அடுக்காக மேலே எண்ணிக்கொண்டு வந்தால், கடல் ஏறியதும் இறங்கியதும் ஒரு வரைபடம் போலக் கிடைக்கும். ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட காலம் மட்டுமே வாழ்ந்து மறைந்ததால், அடுக்கின் வயதையும் அவையே சொல்லிவிடும்.

வேலை பார்க்கும் முறை நம் சமையலறை வேலை மாதிரிதான். களிமண்ணை ஊறவைத்து, 0.063 மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் அலசி, காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஈரத் தூரிகை முனையால் ஒவ்வொரு ஓடாகப் பொறுக்க வேண்டும். அரிசியில் கல் பொறுக்கியவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

தமிழ்நாட்டில் இதற்குப் பேர்போன இடம், மதுரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரியலூர், பெரம்பலூர் வட்டாரம். 1840களிலேயே ஆங்கிலேய அதிகாரிகள் அங்கும் புதுச்சேரி பக்கத்திலும் பொறுக்கிய கிளிஞ்சல் படிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் அந்தப் பகுதியை அளந்து, 1862-ல் வெளியிட்ட நூலில் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்களைத்தான் இன்றும் பாடப்புத்தகங்கள் பயன்படுத்துகின்றன. (இதே பிளான்ஃபோர்ட்தான் பின்னாளில் நாட்டின் வானிலைத் துறைக்கு முதல் தலைவரானார். கடல் ஆராய்ந்தவர் மழைக்குப் போனார்.)

அங்கே நடந்தது இதுதான். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகாவிலிருந்து இந்தியா பிரியத் தொடங்கியபோது கிழக்கு ஓரத்தில் நிலம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. அந்தப் பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தில் இன்று புல்கூட அதிகம் முளைக்காத, மழைநீர் அரித்த களிமண் மேடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலடிச் சேறு அது. மிதவை ஓடுகள் அதில் நிறைய; அக்காலத்தில் அது கரையை விட்டுத் தள்ளியிருந்த ஆழமான நீர். உலகம் முழுவதும் கடல் மட்டம் மிக உயர்ந்திருந்த காலமும் அதுவே.

காரைக் களிமண்ணுக்கு மேலே மணற்பாங்கான அடுக்குகள் வருகின்றன: கடல் பின்வாங்கிவிட்டது. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடலில் புதைந்த மரம். பிறகு மறுபடி கடல் ஏறியது. கல்லங்குறிச்சியில் சிப்பிகள் குவியல் குவியலாகப் படிந்த சுண்ணாம்புக்கல் அப்போது உண்டானது. அதை வெட்டித்தான் அரியலூர் ஆலைகள் சிமெண்ட் தயாரிக்கின்றன. நம் பிளாக்குகளின் தூண்களில் அதில் கொஞ்சம் கலந்திருந்தால் ஆச்சரியமில்லை. மறுபடி கடல் விலக, கல்லமேட்டில் ஆற்று மணலும் டைனோசர் எலும்புகளும். அதற்கும் மேலே நிண்ணியூரில் மீண்டும் கடல்!

இதெல்லாம் வெறும் ஆர்வத்துக்காக எண்ணியது மட்டுமல்ல. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது, மேலே வரும் தூளில் எந்த இனத்தின் ஓடு இருக்கிறது என்று பார்த்துத்தான் எந்தக் காலத்து அடுக்கில் துளையிடுகிறோம் என்று அறிகிறார்கள்.

சரி, மதுரை? இங்கேதான் கதை கைவிரிக்கிறது. யானைமலையும் நம் போர்வெல் துளையும் ஒரே இனப் பாறை. பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறை. வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். சுண்ணாம்பு ஓட்டு மிதவை உயிர்கள் உலகில் தோன்றுவதற்கு வெகுகாலம் முந்தையது. விருதுநகர் பக்கம் பந்தல்குடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் அதே சூட்டில் படிகமாகிவிட்ட கல். அதன் மூலப்பொருள் ஏதோ ஒரு தொல்கடலில் படிந்திருக்கலாம். ஆனால் அப்போது மதுரையும் இல்லை, இன்றைய இந்தியாவின் வடிவமும் இல்லை. சிவகங்கையைத் தாண்டிக் கிழக்கே போனால் இந்தக் கடினப்பாறை கீழே இறங்குகிறது. ராமநாதபுரத்துக்கு அடியில் கடல் படிவுகள் கனமாகப் படிந்திருக்கின்றன. வழுதூர் மின் நிலையம் எரிக்கும் எரிவாயு அந்தப் பகுதிக் கிணறுகளிலிருந்து வருவதுதான். கடலுக்கும் மதுரைக்கும் நடுவே கோடு போட்டது போல இருக்கிறது. நம் போர்வெல் 700 அடி போயும் பாறை வெடிப்பில் கசியும் தண்ணீரையே நம்பியிருப்பதற்கும் இந்தப் பாறைதான் காரணம். கடல் மணல் அடுக்குகள் கீழே இருந்திருந்தால் நம் லாரித் தண்ணீர் பில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

குமரிக்கண்டத்துக்கும் மிதவை ஓடுகள் பதில் வைத்திருக்கின்றன. பனியுகத்தில் லேசான ஆக்ஸிஜன் கொண்ட நீர் பனிப்பாறைகளில் சிறைப்படுவதால், கடலில் கனமான ஆக்ஸிஜனின் பங்கு கூடும், ஓடுகளிலும் கூடும். 1955-ல் சேசரே எமிலியானி ஓடுகளை இப்படி அளந்து பனியுகங்களை வரிசைப்படுத்தினார். இவற்றையும் பவளப்பாறைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது தெரிகிறது. அப்போது பாக் நீரிணை தரை. ராமேஸ்வரத்திலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். குமரி முனைக்குத் தெற்கிலும் நிலம் நீண்டிருந்தது. பிறகு பல ஆயிரம் ஆண்டுகள் கடல் ஏறி அந்தக் கரைகளை விழுங்கியது உண்மை. ஆனால் அது ஒரு கரையோரப் பட்டை. ஆஸ்திரேலியா வரை நீளும் கண்டம் அல்ல. லெமூரியா என்ற பெயர்கூட 1864-ல் ஃபிலிப் ஸ்கிளேட்டர், மடகாஸ்கர் குரங்கினங்களை விளக்க உண்டாக்கிய ஊகம். இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கொண்ட தென்மதுரைக்குப் பின்னால் கரையிழந்த மக்களின் நினைவு ஏதாவது இருக்கலாம் என்று நினைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஓடுகள் அதுவரைக்கும் பேசுவதில்லை.

விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துப்போக நினைப்பவர்கள் சாத்தனூர் கல்மரத்தையும் அரியலூர் அருகே வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். விடியற்காலையில் கிளம்பினால் நல்லது. காரை மேடுகளில் நிழல் கிடையாது. அங்கே கிடக்கும் சிப்பிகளை மட்டும் பையில் போட வேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் கல்.