பாலம் எழுந்தது, ஊர் எழவில்லை

விடுமுறைக்கு இராமேஸ்வரம் போகலாம் என்று சொன்னால் நம் நண்பர்களில் பாதிப்பேர், “கோயில்தானே? காலையில் இறங்கி 22 தீர்த்தமும் ஆடிட்டு ராத்திரி வண்டியில திரும்பிடலாமே” என்பார்கள். கோயிலுக்கு அது போதும். ஆனால் மண்டபம் தொடங்கி அரிச்சல்முனை வரை உள்ள கரையையும் தீவையும் அதன் சரித்திரத்தோடு பார்க்க இரண்டு நாளாவது வேண்டும்.

முதலில் மண்டபத்தில் இறங்குங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் புறப்பட்ட நம் மக்களைக் கப்பலேற்றுமுன் தங்கவைத்து, நோய்ச் சோதனை செய்து அனுப்பிய முகாம் இங்கேதான் இருந்தது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கும் மண்டபமே முகாமாயிற்று.

அடுத்தது பாம்பன். 24.2.1914 அன்று திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தின் நீளம் சுமார் 2 கி.மீ. அது யாத்ரீகர்களுக்காக மட்டும் கட்டியதல்ல. குறி கொழும்பின் மேல் இருந்தது. சென்னையில் ‘போட் மெயில்’ ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், பிறகு மறுபடி ரயிலில் கொழும்பு. கப்பல் போக நடுவில் இரண்டாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதியை ஆட்கள் நெம்புகோல் பிடித்துக் கையாலேயே திறந்தார்கள். மெக்கானிக்கல் படிக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்!

அந்தப் பாதையின் கடைசி ஊர் தனுஷ்கோடி. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச்சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. ஊரும் போயிற்று. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் பிடுங்கி எறியப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் தாக்குப்பிடித்தது.

பாலத்தைச் சீராக்க முதலில் ஆறு மாதம் கெடு வைத்தார்கள்; பின் அதை மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன் கடலில் விழுந்த கர்டர்களையே மீட்டெடுத்து 46 நாளில் முடித்துவிட்டார். பொறியியல் மாணவர்களுக்கு எல்லோரும் சொல்லும் கதை இது. நானும் பெருமையோடுதான் சொல்கிறேன்.

ஆனால் தனுஷ்கோடி? வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததோடு சரி. கப்பல் துறை இராமேஸ்வரத்துக்கு மாறியது. 1980-களில் இலங்கைக் கலவரச் சூழலில் அந்தக் கப்பலும் நின்றது. பாலத்தின் மறுகரையில் ஒரு தீவே காத்திருந்தது, அதனால் பாலம் எழுந்தது. தனுஷ்கோடியோ போகிற வருகிறவர்களை நம்பிய ஊர். பயணி வராதபோது அதைக் கேட்பாரில்லை. கடலை நம்பிய மீனவக் குடும்பங்கள் மட்டும் குடிசை போட்டு அங்கேயே இருக்கின்றன. எது திரும்ப எழும் என்பதை அதை யார் கேட்கிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. கட்டும் திறமை அதற்கு அடுத்ததுதான். நம் தொழிலில் இதை மறக்கக் கூடாது.

இனி பயணத் திட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம்; ஜனவரிக்கு மேல் போவது நல்லது. முதல் நாள் மண்டபம், பாம்பன், கோயில். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் நின்றால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே எழுவதை, அதிர்ஷ்டமிருந்தால் பார்க்கலாம். மறுநாள் காலையிலேயே தனுஷ்கோடி. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு, இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவுக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் இவற்றில் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. தனுஷ்கோடி மாதா கோயில் சுவரைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் பவளக்கல்தான்.

தொட்டுப் பார்த்தால் போதும். சுவரில் நம் கல்லூரிப் பெயரையும் ‘பேட்ச்’ நம்பரையும் எழுதிவிட்டு வராதீர்கள்.