கண் அறுவை மருந்துகளும் கருவிழிச் செல் சோதனையும்

கருவிழியின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக அமைந்த செல்கள், உள்ளே ஊறும் நீரை இடைவிடாது வெளியேற்றிக் கருவிழியைக் கண்ணாடிபோல் தெளிவாக வைத்திருக்கின்றன. வயது வந்தவருக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,500 செல்கள் இருக்கும். மனிதரில் இவை இறந்தால் ஈடாகப் புதியவை தோன்றுவதில்லை. மிகவும் குறைந்துவிட்டால் கருவிழி நீர்கோத்து, பார்வை மங்கிவிடும். ஆகவே புரை அறுவையின்போது கண்ணுக்குள் செலுத்தும் மருந்து இச்செல்களைக் கெடுக்குமா என்பது முக்கியமான கேள்வி.

1944-இல் அமெரிக்காவின் ஜான் டிரெய்ஸும் அவருடன் பணியாற்றியோரும் முயலின் கண்ணில் மருந்திட்டு, ஏற்படும் எரிச்சலுக்கு மதிப்பெண் இடும் முறையை வெளியிட்டனர். ஒரு கண்ணில் மருந்து. மறு கண் ஒப்பீட்டுக்கு. கருவிழிக்கே அதிக மதிப்பெண், மொத்தம் 110. இம்முறை பல பத்தாண்டுகள் கோலோச்சியது. 1980-இல் ஹென்றி ஸ்பைரா இதற்கு எதிராக இயக்கம் நடத்தினார். விலங்கு வதை ஒருபுறமிருக்க, அறிவியல் குறையும் இதில் உண்டு: முயலின் உட்புறச் செல்கள் மீண்டும் பெருகக்கூடியவை. மனிதக் கண்ணுக்கு முயல் நல்ல சாட்சியன்று.

வளர்ப்புக் கலங்களில் செல்களை வளர்த்து மருந்தைச் சோதிக்கும் முறை பிறகு வந்தது. டிரைபான் நீலம் என்னும் சாயம் இறந்த செல்லுக்குள் மட்டுமே புகும்; நீலமானவற்றை எண்ணினால் சேதம் தெரியும். (இதே சாயத்தைப் புரை அறுவையில் லென்ஸ் உறையைக் காணவும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர்.) சொட்டு மருந்துகளில் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு என்னும் பதப்பொருள் செல்களுக்கு ஊறு செய்வது இவ்வகைச் சோதனைகளில் தெளிவானது. கண்ணுக்குள் செலுத்தும் மருந்தில் பதப்பொருள் கூடாது என்பது இன்று பொதுவிதி.

கடையநல்லூர் இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. 2019 வரை அது திருநெல்வேலி மாவட்டம். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமியால் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலிக் கிளை 1988-இல் வந்தது. 1992-இல் ஏற்பட்ட அரோலேப் நிறுவனம், பதப்பொருள் இல்லாத மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைத் தயாரிக்கிறது. 2014 முதல் 2016 வரை அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட புரை அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் முடிவு வெளியிட்டனர். இம்மருந்தை அறுவையின் முடிவில் கண்ணுக்குள் செலுத்தியவர்களிடம் கடும் கிருமித்தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாகக் குறைந்திருந்தது. செறிவு கூடினால் இதே மருந்தும் செல்லைக் கெடுக்கும். அதனால்தான் அளவு கணக்காக வரையறுக்கப்படுகிறது.

இச்சோதனைகளுக்கான மனிதச் செல்கள் வானத்திலிருந்து வருவதில்லை. மாற்று அறுவைக்குத் தகுதி பெறாத தானக் கண்களின் கருவிழிகளும் ஆய்வுக்கு வழங்கப்படுகின்றன. தானக் கண்களை இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும்.