திருகோணமலைச் சிற்பங்களும் ஊரவர் தொண்டும்

திருகோணமலையிற் கிடைத்த சிற்பங்களையும் செப்புத் திருமேனிகளையும் பற்றி எழுதிய அறிஞர்கள் அவற்றின் காலம், கலைமரபு, அவற்றைச் செய்வித்த அரசர் ஆகியன குறித்துப் பலபட ஆராய்ந்துள்ளனர். ஆயின், அவற்றை இத்தனை நூற்றாண்டுகளாகப் பேணி வந்தோர் யாவர் என்னும் வினா அத்துணை நுணுக்கமாக நோக்கப்பெறவில்லை. துறைமுக நகரொன்றின் கதை பெரும்பாலும் கப்பல்களின் கதையாகவும் கோட்டைகளின் கதையாகவுமே எழுதப்படுவது வழக்கம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என வந்தோர் பெயரெல்லாம் நிரல்பட அறிவோம். சிலையொன்றைத் தோளிற் சுமந்து சென்று மண்ணுட் புதைத்தவனது பெயரை நாம் அறியோம். இக்கட்டுரை அவனைப் பற்றியது.

பண்டைய ஒழுங்கு எவ்வாறிருந்ததென்பதைக் கவிராசவரோதயன் இயற்றியதாகக் கொள்ளப்படும் கோணேசர் கல்வெட்டு ஓரளவு புலப்படுத்துகின்றது. குளக்கோட்டன் தானத்தார், வரிப்பத்தார் முதலிய குடிகளை வருவித்து, கோயிலுக்கு ஆகவேண்டிய பணிகளை அவர்களுக்கு வகுத்து வைத்தான் என்பது அந்நூல் கூறும் மரபு. பூவெடுத்தல், மாலை கட்டுதல், விளக்கேற்றுதல், நெற்குற்றுதல் போன்ற எளிய வேலைகள்கூட இன்னாருக்கு உரியவை என வரையறுக்கப்பட்டிருந்தன. கந்தளாய்க் குளத்து நீரும் அதனால் விளைந்த வயலும் இவ்வொழுங்கிற்கு அடிப்படையாயின. இதனை இக்காலப் பொருளில் தொண்டு எனல் பொருந்தாது. பிறப்பினால் வருவதும் மறுத்தற்கியலாததுமான கடமை அது; நூல்வழக்கில் தொழும்பு எனப்படுவது. பக்தியின் பெயரால் அதன் கட்டாயத்தன்மையை மூடி மறைப்பது வரலாற்று மாணவனுக்கு அழகன்று. எனினும், திருமேனிகளைப் பேணுவது தம் குடிக்குரிய பொறுப்பு என்ற எண்ணம் ஊரிலே வேரூன்றியதும் அவ்வழியேதான்.

அவ்வெண்ணத்துக்குச் சோதனை வந்தது பதினேழாம் நூற்றாண்டில். 1622ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா சுவாமிமலையிலிருந்த கோயிலை இடிப்பித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டுவித்தான். பின்னாளில் ஆங்கிலேயர் அதற்கு பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர். இணைக்கயல் பொறித்த கல்லொன்று, சிதைந்த தமிழ்ச் சாசனத்தோடு, அக்கோட்டை வாயிலில் உள்ளது. கற்றூண்களை எவரும் தூக்கி ஓடவியலாது; செப்புத் திருமேனிகளை ஓரளவு இயலும். அவற்றுட் சில தம்பலகாமம் சேர்ந்தன என்றும், அங்கு ஆதிகோணநாயகர் கோயில் எழுந்தது என்றும் மரபு கூறும். வேறு சில நிலத்துட் புதைக்கப்பட்டன. புதைத்தோர் மீண்டும் எடுப்போம் என்றே புதைத்திருப்பர். அவர்கள் காலத்தில் அது நிகழவில்லை. இடத்தை அறிந்தோர் இறந்தொழிய, அறிவும் அவர்களோடு மறைந்தது.

முந்நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர், 1950ஆம் ஆண்டில், நகரசபையின் ஏற்பாட்டில் கிணறு தோண்டிய தொழிலாளரின் மண்வெட்டியில் அவை தட்டுப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி, பிள்ளையார் முதலிய திருமேனிகள் வெளிப்போந்தன. சோழர்கால வார்ப்புக்கலையின் சிறப்பை இவற்றிற் காணலாம். மெழுகிலே உருச்செய்து, களிமண் பொதிந்து, மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பதே அம்முறை. கருவை உடைத்தே உருவை எடுக்கவேண்டும் ஆதலின், ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை. ஒன்று தொலைந்தால் தொலைந்ததே. இத்திருமேனிகளின் சிறப்பை ஆங்கிலம் அறிந்த உலகுக்கு எடுத்துரைத்தவர் பாலேந்திரா. அவரது கட்டுரை தனிநாயகம் அடிகளார் நடத்திய 'தமிழ்ப் பண்பாடு' என்னும் ஆங்கில ஆய்விதழில் 1953இல் வெளிவந்தது.

கண்டெடுத்த பொருள்களை என்செய்வது? அவற்றைக் கொழும்பு நூதனசாலைக் கண்ணாடிப் பேழையுள் வைத்திருத்தல் கூடும். ஊரவர் அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றனர், வழிபாட்டுக்குரியனவாகவே ஏற்றனர். ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சையில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். கரந்தட்டாங்குடியிற் கிடந்த பிரமன் சிலையை வெளியூருக்குக் கொண்டுபோக முயன்றபோது மக்கள் தடுத்தனர் என்றும், 1951இல் தஞ்சை அரண்மனையிற் கலைக்கூடம் தோன்ற அதுவே ஏதுவாயிற்று என்றும் கூறுவர். இரண்டிடத்தும் எம் ஊர்ச் சிலை எம் ஊரிலேயே இருத்தல் வேண்டும் என்ற உணர்வு ஒன்றே. ஆங்கு அது நூதனசாலையாயிற்று; ஈங்குக் கோயிலாயிற்று. தஞ்சைக்கு அரண்மனையும் அரசாங்க ஆதரவும் இருந்தன. திருகோணமலையில் இருந்தவை சிதைந்த மலைமுனையும் மக்களின் நன்கொடையுமே.

1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரக் கடலிற் சுழியோடி, செதுக்கு வேலைப்பாடமைந்த தூண்களும் கற்களும் நீருட் கிடப்பதைக் கண்டனர். கடலினின்று வில்சன் எடுத்த இலிங்கம் பின்னர் கோயிலிற் சேர்ந்தது. இந்த வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்னும் பெயரோடு துறவு பூண்டார். ஆராய வந்தவனையும் ஆட்கொள்ளும் இயல்பு இவ்வூர்க் கற்களுக்கு உண்டுபோலும்! பொதுமக்களின் முயற்சியாற் புதுப்பிக்கப்பெற்ற கோயிலின் குடமுழுக்கு 1963 மார்ச் 3ஆம் நாள் நிகழ்ந்தது. இப்பணியில் ஈடுபட்டோரை வரிப்பத்தார் ஏடு எதுவும் கட்டாயப்படுத்தவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. தொழும்பு தொண்டாக மாறிய நிகழ்ச்சி இது எனலாம்.

எனினும் இத்தொண்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. வழிபாடு திருமேனியைக் காக்கும். அதனைப் பற்றிய செய்தியைக் காப்பது அதன் நோக்கமன்று. ஆடையும் அணியும் மாலையும் புனைந்த வடிவத்தில் ஆராய்ச்சியாளன் முகத்தை மட்டுமே காண்பான். வழிபாட்டுக்கு உதவாத உடைந்த கல்லோ எவருடைய பொறுப்பிலும் அடங்குவதில்லை. சிற்பியின் உளி பட்ட போதிகைத் துண்டும் சாசனத்தின் பாதிவரியும் தெய்வமல்ல ஆதலால் தெருவோரக் கல்லாகிவிடுகின்றன. குணசிங்கம் 1970களில் திருகோணமலைச் சாசனங்களை வரிசையாகப் பதிப்பித்தபோது வெளிப்பட்ட உண்மை யாது? நிலாவெளியிற் கிடைத்த ஒரு கல், கோணமலை மச்சகேஸ்வரத்துக்கு 250 வேலி நிலம் உரித்தாயிருந்தமையைச் சொல்லிற்று. மாங்கனாயிற் கிடைத்த இன்னொன்று சோழ இலங்கேஸ்வரன் என்னும் ஆட்சியாளனை அறிமுகப்படுத்தியது. எந்தப் பூசையும் பெறாத கற்கள் இவை.

பெரியகுளத்தை அடுத்த இராஜராஜப் பெரும்பள்ளியையும் இங்கு நினைத்தல் வேண்டும். வெல்கம் விகாரை எனவும் வழங்கும் அப்பௌத்தப் பள்ளியிற் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ச் சாசனங்கள் பல உள்ளன. அதற்குத் தானம் அளித்தோருள் தமிழ் வழங்கியோர் இருந்தனர் என்பது அவற்றாற் பெறப்படும். கோயில் என்ற ஒன்றை மாத்திரம் காவலிடமாகக் கொண்டால், இத்தகைய சான்றுகளை நம்முடையன அல்ல எனக் கைவிட்டவராவோம். பிறர் அவற்றிலுள்ள தமிழைக் கைவிடுவர். சமயச் சார்பற்ற சிறு சிற்பக்கூடம் ஒன்று இம்மாவட்டத்துக்குத் தேவை என யான் கருதுவதற்கு இதுவே முதற்காரணம்.

கூடம் எழுமுன்னரே செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. கோட்டைச் சுவரிலும், கோயில் வீதிகளிலும், வயற்கரைகளிலும் உள்ள பழங்கற்களை அளந்து, படம் பிடித்து, இருக்குமிடத்தைக் குறித்துப் பதிவேடாக்குவதே அது. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் பத்துப்பேரும், உரிய அதிகாரிகளின் அனுமதியும், கற்களின் இருப்பிடம் அறிந்த முதியோரின் துணையும் போதும். கல்லை இடம்பெயர்த்தலோ சுரண்டுதலோ கூடாது. கோட்டை இன்றும் இராணுவ முகாமாயிருப்பினும் கோயிலுக்குச் செல்லும் வழி அதன் வாயிலூடாகவே அமைந்துள்ளது. பதிவேட்டின் முதற்பக்கத்துக்கு உரிய இணைக்கயற் கல் அவ்வாயிலிலேயே இருக்கின்றது.