அதிரசமும் அதியமானும்

அதிரசத்துக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள், ஒரு தடவை வீட்டிலே அதிரசம் செய்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும். நான் செய்து பார்த்தேன். தட்டிப் போட்ட முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் கரைந்து, வாணலி முழுவதும் மண்டியாகப் பரவி நின்றது. அன்றைக்குத்தான் ஏரியூர்க் கிழவி ஒருத்தி எனக்குச் சொன்னதன் அருமை விளங்கியது.

ஏரியூர், தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்து ஊர். அருகே காவிரி இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. ஆறு பள்ளத்தில் போகிறது. நிலம் மேட்டில் கிடக்கிறது. மானம் பார்த்த பூமியில் விளைவது கேழ்வரகும் சாமையும் கடலையும்தான். களி தின்று வளர்ந்த தலைமுறைக்கு நெல்லுச் சோறே பண்டிகை என்றால், பச்சரிசியும் வெல்லமும் எண்ணெயும் ஒருங்கே சேரும் பலகாரத்தைப் பற்றிக் கேட்பானேன்? வருஷத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு. கேதார கௌரி நோன்பு எடுக்கிற வீடுகளில் எண்ணி இருபத்தொன்று படைப்பார்கள்.

ஆனால் இந்த வறண்ட சீமைக்கு இனிப்பிலே ஒரு பழைய பாத்தியதை உண்டு. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். கரும்பை இந்நாட்டுக்கு முதலில் கொண்டு வந்தவர்கள் அவனுடைய முன்னோர்கள் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருக்கிறார். விண்ணுலகிலிருந்தே கொண்டு வந்தார்கள் என்று பின்னால் கதை வளர்ந்தது. கதை போகட்டும். கரும்பின் பூர்விகம் நியூகினித் தீவு என்று தாவர நூலார் சொல்கிறார்கள். ஆகவே 'வெளியிலிருந்து வந்தது' என்ற மட்டில் ஔவையின் வாக்கு பொய்யில்லை!

கரும்பு வந்தால் பாகு வரும். பாகு வந்தால் பலகாரம் வரும். பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை ஆண்ட இளந்திரையனுடைய நாட்டிலே கூவியர் என்னும் அப்ப வாணிகர் பாகு சேர்த்து அப்பம் சுடுகிறார்கள். அதை அதிரசத்தின் பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். அதிரசம் என்ற பெயரையே காண வேண்டுமானால் திருமலைக் கோயில் கல்வெட்டுகளுக்குப் போக வேண்டும். விஜயநகர மன்னர் காலத்தில் அங்கே 'அதிரசப்படி' என்று ஒரு நைவேத்தியக் கட்டளை. இன்னாருடைய தருமம், இவ்வளவு அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு வெல்லம் என்று அளவோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். அரிசெலு என்று தெலுங்கரும், கஜ்ஜாய என்று கன்னடத்தாரும், அனரசா என்று மராட்டியரும் இதற்கு உரிமை கொண்டாடுகிறார்கள். கொங்குச் சீமையில் கச்சாயம் என்ற பேச்சு இருக்கிறதே, அது கன்னடத்துக் கஜ்ஜாயத்துக்கு உறவு என்பது என் கட்சி.

இத்தனையும் எழுதின கல்வெட்டு ஒன்றை மட்டும் எழுதவில்லை. பாகின் பதம்! தானம் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. மடைப்பள்ளியில் அடுப்பின் முன் நின்றவன் கைப்பக்குவம் கல்லில் ஏறவில்லை. அது ஏரியூர்க் கிழவியின் விரலில் இருந்தது.

"அரிசி ஈரம் முழுக்கக் காயக் கூடாது, தம்பி. கையிலே ஒட்டணும், தண்ணி சொட்டக் கூடாது. அப்பவே இடிச்சுச் சலிச்சுடணும்" என்றாள்.

ஒரு படி அரிசிக்கு முக்கால் படி வெல்லம். பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டால் கரையாமல், விரலுக்கு உருண்டு வர வேண்டும்; ஆனால் உருண்டை கெட்டியாக இராமல் தக்காளிப் பழம் போல் அமுங்க வேண்டும். இளம் பாகானால் எண்ணெயில் பிரிந்துவிடும். முற்றினால் பல்லுக்குச் சோதனை. ஏலமும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைத் தூவிக் கிளறிப் பானையில் இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால், ஈரமும் வெல்லமும் மாவுக்குள் ஊறி இளகும். பிறகு வாழை இலையில் தட்டி, மிதமான தீயில் சுட்டு, இரண்டு தட்டைக் கரண்டிகளின் நடுவே எண்ணெயைப் பிழிந்து எடுக்க வேண்டியதுதான்.

மெஷினில் அரைத்த காய்ந்த மாவில் ஏன் வராது என்று கேட்டேன்.

"அதுல ஈரம் எங்க இருக்குது? பாகை அது எப்படிக் குடிக்கும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

என்னுடைய மாவில் ஈரம் சரியாகவே இருந்தது. பாகைத்தான் அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். மிச்சமிருந்த மாவில் இரண்டு கை அரிசி மாவைத் தூவிப் பிசைந்து, மறுநாள் மறுபடி அடுப்பை மூட்டினேன். பத்தில் ஆறு தேறின.